ஆரஞ்சு டேப் ஒட்டாத ஹரிகேன்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சர்ச்சில் பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். பஸ் வர நேரமானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துவிடுவேன். "உனக்குக் கால்ல சக்கரம் கட்டி விட்டிருக்கு" என்று அம்மா திட்டுவார். இப்படிப்பட்டவளை ஓர் அரசாங்க அலுவலகம் இருபத்தெட்டு வருடம் நாற்காலியில் உட்காரவைத்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்த முதல் மாதமே மிக்ஸி, டேபிள் ஃபேன், தையல் மெஷின் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டேன். இனிக் கழற்றுவதற்கு என் கணவர்தான் பாக்கி என்ற நிலைமையில், விமானம் வந்து அவரைக் காப்பாற்றியது.

தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கு விமானச் சத்தம் புதிதில்லை. பயிற்சி விமானங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் வளைந்து திரும்பும். துணி காயப்போட மாடிக்குப் போனவள் ஈரப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்தபடி நிற்பேன். அதைப் பார்த்துவிட்டு என் பல் டாக்டர், அவரும் எங்கள் தெருக்காரர்தான், ஒருநாள் கேட்டார்: "மேடம், பார்த்துக்கிட்டே இருப்பீங்களா, இல்ல ஓட்டுவீங்களா?"

அவரிடம் ஒரு குழு இருந்தது. இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களை எட்டில் ஒரு பங்கு அளவில் பால்ஸா என்ற லேசான மரத்தில் செய்து, மோட்டார் வைத்து, ரிமோட்டில் பறக்கவிட்டு, அந்தக் காலத்துச் சண்டையை அப்படியே நடத்திக் காட்டுவார்கள். தளம் இருப்பதால் எங்கள் ஏரியாவில் ஒரு பொம்மை விமானம்கூடப் பறக்கவிடக் கூடாது. அதனால் படப்பையைத் தாண்டி, அனுமதி வாங்கிய ஒரு பொட்டல் வெளிக்குப் போவார்கள். எல்லாரும் ஆண்கள். என்னைப் பார்த்ததும், "மேடத்துக்குக் குரல் கம்பீரமா இருக்கு, மைக்ல கமெண்ட்ரி சொல்லட்டுமே" என்றார் ஒருவர். கமெண்ட்ரி சொல்லவா நான் அவ்வளவு தூரம் போனேன்? மூன்றே மாதத்தில் ஹரிகேன் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்தைச் செய்து, ஓட்டிக் காட்டி, ஒரு வருடத்தில் 'நம்பர் ஒன்' இடத்துக்கு வந்தேன்.

எங்கள் சண்டையின் கதை பர்மாவில் நடப்பது. நம் பக்கம் இரண்டு ஹரிகேன், எதிரில் இரண்டு ஜப்பான் விமானம். ஒவ்வொன்றின் வாலிலும் நீளமான க்ரேப் காகித ரிப்பன் கட்டியிருக்கும். பின்னால் துரத்தி வந்து அந்த ரிப்பனை உங்கள் ப்ரொப்பெல்லரால் நறுக்கிவிட்டால் அந்த விமானம் சுடப்பட்டதாகக் கணக்கு. நம்பர் ஒன் ஹரிகேன் நான். நம்பர் டூவை ஓட்டுபவர் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர், என்னை அக்கா என்பார். டாக்டர் ஜப்பான்காரர். கதைப்படி அவர் நம்பர் டூவைத் துரத்துவார். நான் குறுக்கே வந்து டாக்டரின் ரிப்பனை நறுக்கி நம்பர் டூவைக் காப்பாற்றவேண்டும். அதற்கு நடுவில் 'கத்தரி' என்று ஒரு கட்டம். இரண்டு ஹரிகேனும் எதிரெதிராக வந்து, கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று குறுக்கே கடந்து, உடனே இரண்டும் சேர்ந்து இடப்பக்கமாக வளைந்து மேலேறவேண்டும்.

இதற்கெல்லாம் ஒத்திகை எங்கள் சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதையில். சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு சின்னத் தெர்மாகோல் விமானத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சண்டையை முழுக்க நடந்தே பார்ப்போம். டாக்டர் "கத்தரி!" என்று கத்துவார், பேரன் பேத்தி எடுக்கும் வயதுள்ளவர்கள் நான்கு பேர் கையை விரித்துக்கொண்டு எதிரும் புதிருமாக ஓடுவோம். வாக்கிங் வந்த ஒருவர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், வூட்ல சொல்லிகினு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் கணவர் சிமெண்டு பெஞ்சில் டீ ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார். மைதானத்தில் பறக்கும்போது ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு துணையாள் நிற்கவேண்டும் என்பது குழுவின் விதி. விமானத்தின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்வதற்காக. எனக்குத் துணையாள் அவர். என் இடப்பக்கம் குடையோடு நிற்பார். பறப்பதற்கு முன் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபம் பண்ணுவார். அதோடு சரி. நான்கு வருடமாக ஒவ்வொரு சண்டை முடிந்து வீடு திரும்பும்போதும் இதே பேச்சுதான்:

"சண்டை எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா."

"டாக்டரோட ரிப்பனை ரெண்டே சுத்துல நறுக்கினேனே, பார்த்தீங்களா?"

"அப்படியா? நறுக்கிட்டியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கண்ணை எங்கதான் வெச்சிருந்தீங்க? பக்கத்துல ஒரு மரத்தை நட்டு வெச்சிருந்தாக்கூடப் பார்த்திருக்கும்!" என்று கத்துவேன். அவர் கியர் மாற்றிக்கொண்டு ஓட்டுவார். எருமை மாட்டின் மேல் மழை பெய்கிறதே, அது மாதிரி.

என்னுடைய கண்ணுக்கு வருகிறேன். போன வருடத்திலிருந்தே இடது கண்ணில் எண்ணெய்க் காகிதம் ஒட்டியது மாதிரி ஒரு மங்கல். குரோம்பேட்டை கண் டாக்டர், புரை வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். செய்தால் எத்தனை நாள் ரிமோட்டைத் தொடக்கூடாது என்பதுதான் என் முதல் கேள்வி. அவர் சொன்ன நாட்களைக் கேட்டுவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். விஷயம் என் கணவருக்கு மட்டும் தெரியும். ஆனால் வெயில் காலத்தில் இரண்டு முறை தரையிறக்கும்போது தவறிச் சக்கரத்தை உடைத்தேன். எங்கள் பல் டாக்டர் பல்லைப் பிடுங்குவதற்கு முன் பேசும் அதே மென்மையான குரலில் பேசினார்.

"மேடம், காலேஜ் ஷோ வரைக்கும் நீங்கதான் நம்பர் ஒன். அதுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா மைக்குக்கு வந்துருங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று யாராவது சொன்னால் நான் கட்டாயம் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வேன். அன்று இரவெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பறப்பதைப் பார்த்துச் சொல்வதற்கு நான் செத்துப்போகலாம் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மறைப்பானேன்.

காலேஜ் ஷோ என்பது வண்டலூர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியின் ஆண்டு விழா. அதற்கு இரண்டு நாள் முன்பு என் கணவர் மேற்குத் தாம்பரம் பஜாரிலிருந்து பளிச்சென்ற ஆரஞ்சு டேப் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு வந்தார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் ஹரிகேனின் இறக்கைக்கு அடியில் இரண்டு பட்டை ஒட்டியிருக்கிறார்! பச்சையும் மண் நிறமுமாக நான் பதினோரு நாள் உட்கார்ந்து வர்ணம் தீட்டிய இறக்கை அது. என்னை உட்காரவைத்த ஒரே வேலை.

"என்னங்க இது கர்மம்?"

"உன்னுதும் நம்பர் டூவும் ஒரே மாதிரி இருக்கேம்மா. கீழயிருந்து பார்க்க ஒரு அடையாளம் இருந்தா நல்லதுதானே."

"பர்மாவுல ஆரஞ்சு டேப் ஒட்டிக்கிட்டா சண்டை போட்டாங்க?"

"நீதானே சொல்லுவே. நம்ம பிளேன் இறக்கையில இருக்கிற வட்டத்துக்கு நடுவுல இருந்த சிவப்புப் பொட்டை எடுத்துட்டாங்க, ஜப்பான்காரனுதும் சிவப்பு வட்டம், நம்மாளே நம்மாளைச் சுட்டுருவான்னு. அவங்களே அடையாளத்துக்காகப் பெயிண்டை மாத்தியிருக்காங்க. நாம ஒரு டேப் ஒட்டினா என்ன?"

பதில் இல்லாதபோதுதான் என் குரல் அதிகமாக உயரும். "என் பிளேன் எதுன்னு எனக்குத் தெரியாதா? பெத்த பிள்ளைக்கு நெத்தியில பேர் எழுதி ஒட்டுவாங்களா?" என்று கத்திக்கொண்டே டேப்பை உரித்து எறிந்தேன். உரித்ததில் கொஞ்சம் பெயிண்டும் வந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவரைத்தான் திட்டினேன்.

சனிக்கிழமை காலை. ஷாமியானாவுக்கு அடியில் சிறப்பு விருந்தினர்கள் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளையாகக் கூசும் வானம், என் கண்ணுக்கு அதைவிட மோசமான வானம் கிடையாது. ஆனாலும் கிளம்பியதும் எல்லாப் பதற்றமும் போய்விட்டது. ரிமோட்டைப் பிடித்தால் மட்டும்தான் என் கால் ஆடாது. டாக்டர் நம்பர் டூவைத் துரத்த ஆரம்பித்தார். மாணவர்கள் விசில் அடித்தார்கள். "கத்தரி!" என்றார் டாக்டர். இரண்டு ஹரிகேனும் எதிரெதிராக வந்து கடந்தன. நான் இடப்பக்கம் வளைத்து மேலேற்றினேன்.

ஆஹா, என்ன வளைவு! வருடக்கணக்காக வராத வளைவு அது. நூல் பிடித்த மாதிரி மேலேறியது. பார்த்துக்கோங்கடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மைக்காம் மைக்!

"ஏம்மா, அது உன்னுது இல்ல" என்றார் என் கணவர்.

"சும்மா இருங்க."

"உன்னுது இந்தப் பக்கம் வருது. பந்தலுக்கு நேரா வருது."

"வாயை மூடிக்கிட்டு நிக்க மாட்டீங்களா!"

அவர் வாயை மூடிக்கொண்டார். குடையைக் கீழே போட்டார். என் இடது கட்டைவிரலின் மேல் தன் கையை வைத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியை ஒரே இழுப்பாக அடிவரைக்கும் இழுத்துவிட்டார். முப்பது வருடத்தில் அவர் என் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கியதில்லை. நான் திரும்பி அவரை அறைந்திருப்பேன். ஆனால் கண்ணை வானத்திலிருந்து எடுக்கவில்லை. மோட்டார் நின்ற என் விமானம் விழப்போகிறதே என்று பார்த்தேன்.

விழவில்லை. மோட்டார் நின்ற விமானம் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. குச்சி அடியில் கிடக்கிறது, நான் பார்க்கும் ஹரிகேன் அழகாக ஒரு வட்டம் போடுகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அரை நிமிடமாக நம்பர் டூவைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஓட்டும் விமானத்துக்குப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வலப்பக்கம், ஷாமியானாவுக்கு முன்னால் இருந்த சீமைக் கருவேலம் புதரில், சடசடவென்று ஏதோ முறியும் சத்தம் கேட்டது. புதருக்கும் முதல் வரிசை நாற்காலிக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. முதல் வரிசையில் ஒரு பெண் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டமோ எழுந்து நின்று கைதட்டியது! மைக்கில் இருந்த மாணவன், "ஒரு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது!" என்று அலறினான். அன்றைக்கு அதிகமாகக் கைதட்டல் வாங்கிய காட்சி அதுதான்.

"நான் போய் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லி, யாரும் வருவதற்கு முன் என் கணவர் புதருக்குள் போனார். கையெல்லாம் முள் கீறலோடு, உடைந்த துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் தன் விமானத்தை இறக்கிவிட்டு ஓடிவந்து, "என்னாச்சு மேடம்?" என்றார். என் கணவர் பேட்டரி வயரை இணைக்கும் இரண்டு முனைகளையும் தனித்தனியாக எடுத்துக் காட்டினார்.

"கனெக்டர் கழண்டிருக்கு சார்."

"அட, நடுவானத்துலயா? அப்ப யாரா இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார் டாக்டர். சாஃப்ட்வேர்காரர் என் தோளைத் தட்டி, "விடுங்கக்கா, மறுபடி கட்டிக்கலாம்" என்றார்.

அந்தக் கனெக்டரின் மேல் நானே இரண்டு சுற்று கறுப்பு டேப் இறுக்கிச் சுற்றியிருந்தேன். பல்லால் கடித்தால்தான் பிரியும். திங்கட்கிழமை அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் அந்த டேப் உருண்டையாகக் கிடந்தது.

இவர் எப்படிப்பட்ட மனுஷன் என்று சொல்லவேண்டும். ஒருதடவை எலெக்ட்ரிக் ட்ரெயினில் அவசரத்தில் முதல் வகுப்பில் ஏறிவிட்டு, டிக்கெட் பரிசோதகர் கேட்காமலேயே அவரைத் தேடிப்போய்ச் சொன்னவர். எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அதைப் பற்றி வீட்டில் இருவருமே பேசவில்லை. வியாழக்கிழமை டாக்டர் போன் பண்ணி, "நம்பர் ஒன் நீங்கதான் மேடம், அதுல மாத்தமே இல்ல" என்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பாட்டுகூட முணுமுணுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கவேண்டிய முறை அவருடையது. ஆராதனைக்கு முன் பாஸ்டரிடம் போய், "இந்த வாரம் வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க" என்றார். வேறொருவர் வாசிக்க, இவர் ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கால் ஆடியது. பிரசங்கம் என்னவென்றே தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரையில் ஒத்திகை. டாக்டர் நம்பர் ஒன் தெர்மாகோல் விமானத்தை என் கையில் கொடுத்தார். நடந்தோம். என் கணவர் பெஞ்சில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கத்தரி!" என்றார் டாக்டர். சாஃப்ட்வேர்காரர் கையைத் தூக்கிக்கொண்டு எதிரில் ஓடிவந்தார். இரண்டு விமானமும் கடக்கும் இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

"என்ன மேடம்?"

"அன்னைக்குக் கனெக்டர் கழலல" என்றேன். "கத்தரிக்கு அப்புறம் நான் நம்பர் டூவைப் பார்த்துக்கிட்டு நின்னேன். என்னுது பந்தலுக்குப் போயிட்டிருந்தது. கண்ணுல புரை. ஒரு வருஷமா இருக்கு."

யாரும் பேசாவிட்டால் எனக்குக் கோபம் வரும். "என்ன எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி பார்க்குறீங்க? கண்ணு தெரியல, அவ்ளோதான்! ஆபரேஷன் பண்ணிக்கிறேன். அதுவரைக்கும் மைக்கோ மண்ணாங்கட்டியோ எதையாவது குடுங்க" என்று கத்திவிட்டு, தெர்மாகோல் விமானத்தை சாஃப்ட்வேர்காரர் கையில் திணித்தேன். அழுகையை அடக்க ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

என் கணவர் எழுந்து வந்தார். "கனெக்டரை நான்தான் பிடுங்கினேன் சார். மன்னிச்சிருங்க" என்றார் டாக்டரிடம்.

டாக்டருக்கு அதைவிட வேறொரு விஷயம் உறுத்தியது. "அது இருக்கட்டும் சார். அன்னைக்கு நாலு பிளேன் மேல இருக்கு. ரெண்டு ஒரே மாதிரி. கத்தரியில எங்களுக்கே ஒரு செகண்டு குழம்பும். மேடத்தோடது எதுன்னு நீங்க எப்படி அவ்ளோ கரெக்டா பிடிச்சீங்க?"

கேள்வியே புரியாதவர் மாதிரி என் கணவர் அவரைப் பார்த்தார்.

"நான் வேற எதையும் பார்க்கிறதில்லையே சார். கிளம்பினதுலேர்ந்து இறங்குற வரைக்கும் இவளோடதை மட்டும்தான் பார்ப்பேன். கண்ணை எடுத்தாத்தானே குழம்பும்? சண்டையில யார் ஜெயிக்கிறாங்கன்னு இந்த நாலு வருஷமா எனக்குத் தெரியாது."

நான் ஏரிப் பக்கமாகவே நின்றேன். பக்கத்தில் வந்து, ஃப்ளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி நீட்டினார். "மரம்" என்றேன். வாங்கிக்கொண்டு, நடைபாதையின் ஓரத்தில் இருந்த அவருடைய சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.